பழைய ‘டாக்டர் ஹூ’: அழிந்த எபிசோடுகள், திரும்பி வந்த எபிசோடுகள் (கேள்வி பதில்)

காலப்பயணம் செய்யும் ‘டாக்டர்’ என்பவரின் கதையாக 1963 முதல் 1989 வரை பிபிசியில் ஓடிய பழைய ‘டாக்டர் ஹூ’ தொடரைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேள்விகளில் பாதிக்கு மேல், காணாமல் போன எபிசோடுகளைப் பற்றித்தான். எனக்கும் மனசுக்கு நெருக்கமான விஷயம் அதுதான்.

கேள்வி: அக்கா, பிபிசி மாதிரி பெரிய நிறுவனம் தன் தொடரையே எப்படித் தொலைத்தது?

தொலைக்கவில்லை, தெரிந்தேதான் அழித்தார்கள். அன்றைக்கு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தது 2 அங்குல அகல வீடியோ டேப்பில். அதன் விலை மிக அதிகம். ஆனால் அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்யலாம். நடிகர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படி ஒரு நிகழ்ச்சியை நினைத்தபோதெல்லாம் மறு ஒளிபரப்பு செய்யவும் முடியாது. வீட்டில் கேசட் போட்டுப் பார்க்கும் காலமும் இன்னும் வரவில்லை. ஒளிபரப்பாகி முடிந்த டேப்பை வைத்திருக்க அவர்களுக்குக் காரணமே இல்லை.

டேப்பை அழிக்கும் முன் வெளிநாட்டு விற்பனைக்காக 16 மி.மீ. ஃபிலிமில் நகல் எடுத்தார்கள். கலர் டிவி வந்ததும் கறுப்பு வெள்ளையை வாங்க ஆள் குறைந்தது, விற்பனை உரிமைக் காலமும் முடிந்தது. விற்பனைப் பிரிவு அந்த நகல்களையும் குப்பையில் போட்டது. எல்லாவற்றையும் பாதுகாப்பது எந்தப் பிரிவின் வேலையாகவும் இல்லை. 1978ல்தான் இது நின்றது. முதல் ஆறு வருடங்களில் வந்த 253 எபிசோடுகளில் தொண்ணூறுக்கும் மேல் இன்றும் இல்லை. முதல் இரண்டு டாக்டர்களாக நடித்த வில்லியம் ஹார்ட்னெல், பாட்ரிக் ட்ரவுட்டன் இருவரின் காலத்துக்குத்தான் இந்த அடி. 1970க்குப் பிறகு வந்தவை ஏதோ ஒரு வடிவத்தில் முழுசாக இருக்கின்றன.

அன்றைய ஊழியர்களைத் திட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. அவர்கள் பார்வையில் அது ஓடி முடிந்த சனிக்கிழமை நிகழ்ச்சி.

கேள்வி: அப்படியென்றால் சில எபிசோடுகள் திரும்பக் கிடைத்தது எப்படி?

அந்த வெளிநாட்டு நகல்கள்தான் காப்பாற்றின. ஒரு நாட்டில் ஓடிய பிரதி அங்கிருந்து அடுத்த நாட்டு நிலையத்துக்குப் போகும். கடைசியில் திருப்பி அனுப்ப வேண்டும், இல்லை அழிக்க வேண்டும். சில இடங்களில் இரண்டுமே நடக்கவில்லை. 1967ல் வந்த ‘தி டூம் ஆஃப் த சைபர்மென்’ நான்கு எபிசோடுகளும் ஹாங்காங்கில் கிடைத்து, 1992ல் கேசட்டாக வந்தன. நைஜீரியாவின் ஜோஸ் நகரில் கிடைத்த ஒன்பது எபிசோடுகள் 2013ல் வெளியாயின. அவற்றால் 1967-68ல் வந்த ‘தி எனிமி ஆஃப் த வேர்ல்டு’ முழுமையானது. ‘தி வெப் ஆஃப் ஃபியர்’ கதையில் மூன்றாவது எபிசோடு மட்டும் இன்னும் பாக்கி.

இதில் ‘எனிமி’யைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அதில் ட்ரவுட்டனுக்கு இரட்டை வேடம்: டாக்டராகவும் வருவார், சலமாண்டர் என்ற சர்வாதிகாரியாகவும் வருவார். முன்பு மூன்றாவது எபிசோடு ஒன்றுதான் கையில் இருந்தது, அது ஆறில் மிகவும் மந்தமானது. அதை வைத்துப் பலரும் ‘சுமாரான கதை’ என்று ஒதுக்கியிருந்தார்கள். முழுசாகப் பார்த்தபின் கருத்து தலைகீழானது. உடல்மொழி, உச்சரிப்பு, பார்வை எல்லாவற்றையும் மாற்றி இரண்டு ஆட்களாகவே தெரிவார் மனிதர். அரைகுறையாக இருக்கும் கதைகளுக்கு யாரும் அவசரப்பட்டு மார்க் போட வேண்டாம்.

கேள்வி: இல்லாத எபிசோடுகளைப் பார்க்க வழியே இல்லையா?

பார்க்க முடியாது, கேட்கலாம். காணாமல் போன ஒவ்வொரு எபிசோடின் ஒலியும் இருக்கிறது! அந்தக் காலத்துச் சிறுவர்களும் இளைஞர்களும் வீட்டு டேப் ரெக்கார்டரில் டிவி ஒலியைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். ஜான் க்யூரா என்ற புகைப்படக்காரர் ஒளிபரப்பின்போதே திரையைப் படமெடுத்து விற்று வந்தார். பல கதைகளுக்கு அந்தப் படங்கள் இருக்கின்றன. அப்புறம் 2016ல் வந்த ‘பவர் ஆஃப் த டாலெக்ஸ்’ போல, பழைய ஒலிக்கு அனிமேஷன் சேர்த்தும் வெளியிடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் ஒலியையும் புகைப்படங்களையும் சேர்த்து அனுபவியுங்கள். ட்ரவுட்டனின் முகபாவம் அனிமேஷனில் வராது.

ஆஸ்திரேலியத் தணிக்கையாளர்கள் குழந்தைகள் பயப்படுவார்கள் என்று வெட்டிய துண்டுகள் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருந்து 1996ல் கிடைத்தன. எபிசோடே போய், அதிலிருந்து வெட்டிய பயங்கரக் காட்சி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கேள்வி: மேடம், முதல் கதையை இயக்கியவர் இந்தியரா?

லக்னோவில் பிறந்தவர், வாரிஸ் ஹுசைன். சிறுவயதிலேயே இங்கிலாந்து போனவர். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் என்ற இளம்பெண். ஆண்கள் நிறைந்த பிபிசி நாடகப் பிரிவில் இருவருமே வெளியாட்கள் போலத்தான். முதல் எபிசோடு 1963 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பானது. முந்தின நாள்தான் கென்னடி சுடப்பட்டிருந்தார். அதனால் அடுத்த வாரம் இரண்டாவது எபிசோடுக்கு முன் முதலாவதை மறுபடி போட்டார்கள்.

ஹுசைனின் முதல் கதை பத்திரமாக இருக்கிறது. அடுத்து அவர் பெரும்பகுதியை இயக்கிய ‘மார்கோ போலோ’ ஏழு எபிசோடுகளும் போய்விட்டன. படப்பிடிப்புத் தளத்தில் எடுத்த கலர் புகைப்படங்களில் அந்த உடைகளையும் அரங்கையும் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. எது கிடைக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கேள்வி: கறுப்பு வெள்ளையாக மட்டும் மிஞ்சிய 1970களின் எபிசோடுகளுக்குக் கையால் கலர் பூசினார்களா?

சிலவற்றுக்கு அந்த மாதிரி வேலையும் நடந்தது. ஆனால் அற்புதமான வழி வேறொன்று. கலர் ஒளிபரப்பைக் கறுப்பு வெள்ளைத் திரையில் காட்டி ஃபிலிம் எடுத்தபோது, கலர் சிக்னல் நுண்ணிய புள்ளிகளாகப் படத்திலேயே பதிந்துவிட்டது. வெகுகாலம் அதை இடைஞ்சலாகத்தான் நினைத்தார்கள். பின்னாளில் பொறியாளர்கள் அந்தப் புள்ளிகளைக் கணினியில் படித்து உண்மையான நிறத்தையே மீட்டார்கள். ‘ப்ளானெட் ஆஃப் த டாலெக்ஸ்’ மூன்றாவது எபிசோடில் இந்த முறை உதவியது.

கேள்வி: எங்கிருந்து ஆரம்பிக்கலாம்? பழசு ரொம்ப மெதுவாகப் போகும் என்று பயமாக இருக்கிறது.

ஒரே மூச்சில் பார்த்தால் மெதுவாகத்தான் தெரியும். 25 நிமிட எபிசோடுகள், ஒவ்வொன்றும் ஆபத்தில் முடிந்து ஒரு வாரம் காக்க வைக்கும். நாளைக்கு ஒன்று என்று பாருங்கள், சரியாக இருக்கும். ‘சிட்டி ஆஃப் டெத்’ (1979) நல்ல தொடக்கம்: பாரிஸில் எடுத்தது, நான்கே எபிசோடு, நகைச்சுவை நிறைய. பிடித்திருந்தால் ‘ஜெனசிஸ் ஆஃப் த டாலெக்ஸ்’ (1975). டாக்டரின் பரம எதிரியான டாலெக் இனம் தலையெடுக்கும் முன்பே அதை ஒழிக்கும் வாய்ப்பு டாக்டர் கையில் இருக்கும், இரண்டு ஒயர்களைச் சேர்த்தால் போதும். டாக்டராக நடித்த டாம் பேக்கர் தயங்கி நிற்கும் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, அவர் செய்தது சரியா என்று எழுதி அனுப்புங்கள். அதைத் தனியாகவே பேசலாம்.