மூட்டுவலி அம்மாவோடு எரிமலைப் பாறை பார்க்கலாமா?

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து அம்மா வருகிறார். வயது 67, மூட்டுவலி. இங்கே சிங்கப்பூரிலுள்ள புக்கிட் தீமா குன்று பழைய எரிமலை என்கிறான் மகன். அதிகம் ஏறாமல் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். ஆனால் எரிமலை வாய் எதுவும் இருக்காது, தேடாதீர்கள். 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இந்த வட்டாரத்தில் எரிமலைகள் குமுறியபோது, வெளியே வராமல் பூமிக்கடியிலேயே தங்கி ஆறிய பாறைக்குழம்புதான் இன்றைய புக்கிட் தீமா கருங்கல். மேலே மூடியிருந்ததெல்லாம் அரித்துப்போய்விட்டது. மகனிடம் "எரிமலையின் வேர்" என்று சொல்லுங்கள்.

163 மீட்டர் உச்சி அம்மாவுக்கு வேண்டாம். தார்ச்சாலைதான், ஆனாலும் செங்குத்து. இறங்கும்போது முட்டி கெஞ்சும். என்னைக் கேட்டால், பழைய கல்குவாரிகளே போதும். மலையின் வயிற்றை அங்கே ஏற்கெனவே அறுத்து வைத்திருக்கிறார்கள்.

காலை 8 மணிக்கு புக்கிட் கோம்பாக் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, லிட்டில் குய்லின் என்ற பழைய குவாரிக்குப் போங்கள். சமதளம், குளக்கரை. பெயருக்குக் காரணமான சீனாவின் குய்லின் மலைகள் சுண்ணாம்புக்கல். இங்கே இருப்பதோ குழம்பு ஆறி உண்டான பாறை. கேப்ரோ என்ற கறுத்த வகையும் இந்தக் குன்றில் உண்டு.

அப்புறம் டாக்சி பிடித்து ஹிண்ட்ஹீட் இயற்கைப் பூங்கா. சின்ன நடைதான், குவாரிக் குளத்தைப் பார்க்க மேடை இருக்கிறது. வழியில் ஒரு கருங்கல்லை அம்மாவை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லுப்பு மாதிரி மின்னும் கனிமம் குவார்ட்ஸ், வெளிறியது ஃபெல்ஸ்பார், கறுப்புப் புள்ளி மைக்கா. பாகு மெல்ல ஆறினால்தானே கற்கண்டு பெரிதாகக் கட்டும்? இதுவும் அப்படித்தான், ஆழத்தில் மெதுவாக ஆறியதால்தான் மணிகள் வெறுங்கண்ணுக்கே தெரிகின்றன. பெரிய கோயில் கருங்கல்லைத் தொட்டு வளர்ந்தவருக்கு இந்தக் கல்லும் பழகியதாகவே தோன்றும். சிங்கப்பூரை மலேசியாவோடு இணைக்கும், 1924-ல் திறந்த ஜோகூர் கடற்பாலத்துக்குப் புக்கிட் தீமா கல்லும் போயிருக்கிறது.

மதியச் சாப்பாடு பியூட்டி வேர்ல்ட் உணவங்காடி நிலையத்தில். தெம்பிருந்தால் ரயிலில் ஹில்வியூ போய், டெய்ரி ஃபார்ம் பூங்காவிலுள்ள சிங்கப்பூர் குவாரியையும் பார்க்கலாம். இடி கேட்டால் விட்டுவிடுங்கள்.

தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனால் ஜிப் வைத்த பைக்குள் வையுங்கள். பிளாஸ்டிக் பையைக் கண்டால் குரங்கு பறித்துக்கொண்டு போய்விடும்.