மஞ்சள் முக்கோணம் காட்டும் பெயரை நம்பாதீர்கள்: டிரைவர் கேள்வி பதில்

வந்த கேள்விகளில் முக்கால்வாசி "இது என்ன டிவைஸ், இதுக்கு எந்த டிரைவர்" என்பதுதான். டிரைவர் என்றால் கம்ப்யூட்டரின் ஒரு பாகத்தை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள். அது இல்லாத பாகத்துக்கு, பாகங்களைப் பட்டியலிடும் 'டிவைஸ் மேனேஜர்' திரையில் மஞ்சள் முக்கோணம் விழும். பதில் நீளமாகத் தேவைப்படுகிற இடத்தில் நீளமாகவும், மற்றதற்கு இரண்டு வரியுமாகச் சொல்கிறேன்.

ஈரோடு, ஜவுளிக்கடை கணக்கர்: அண்ணா, செகண்ட் ஹேண்டில் ஒரு டெஸ்க்டாப் வாங்கி விண்டோஸ் 10 போட்டேன். டிவைஸ் மேனேஜரில் 'பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்', 'எஸ்எம் பஸ் கன்ட்ரோலர்', 'அன்னோன் டிவைஸ்' என்று மூன்றுக்கு மஞ்சள் முக்கோணம். ஆனால் எல்லாம் வேலை செய்கிறது. முதலாவது மோடம் என்கிறார் கடைக்காரர். மோடம் டிரைவர் தேடணுமா?

வேண்டாம். கடைக்காரர் எக்ஸ்பி காலத்து ஆள் போலிருக்கிறது. டயல்-அப் இருந்த நாளில் அந்தப் பெயரில் வந்தது பெரும்பாலும் மோடம்தான். இன்டெல் போர்டில் இப்போது அதே பெயரில் வருவது அநேகமாக 'மேனேஜ்மென்ட் எஞ்சின்', போர்டுக்குள்ளேயே தனியாக ஓடும் ஒரு சின்ன நிர்வாகப் பகுதி. பெயர் ஒன்று, பொருள் வேறு. டிரைவர் இல்லாதபோது விண்டோஸ் காட்டுவது பொருளின் பெயரே அல்ல. "ஏதோ கம்யூனிகேஷன் வகை" என்று அந்த சிப் சொல்லும் இனத்தை வைத்து ஒட்டும் சீட்டு, அவ்வளவுதான்.

உண்மையான அடையாளம் எண்ணில் இருக்கிறது. டிவைஸ் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ். அங்கே உள்ள பட்டியலில் 'ஹார்ட்வேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீளமாக ஒரு வரி வரும். அதில் 'வென்' என்பதற்கு அடுத்த நான்கு இலக்கம் சிப் தயாரித்த கம்பெனி, 'டெவ்' என்பதற்கு அடுத்த நான்கு அந்த சிப். 8086 என்றால் இன்டெல். 1978-இல் அவர்கள் விட்ட பிராசசரின் எண்ணையே தங்கள் அடையாள எண்ணாக வைத்துக்கொண்டார்கள், கொஞ்சம் குறும்புதான். 1022 ஏஎம்டி, 10டிஇ என்விடியா, 10இசி ரியல்டெக். இலக்கத்தோடு இப்படி ஆங்கில எழுத்தும் கலந்து வரும்.

அதே வரியில் 'சப்சிஸ்' என்பதற்குப் பின்னால் எட்டு இலக்கம் இருக்கும். பலர் இதைப் பார்ப்பதே இல்லை. அதன் கடைசி நான்கு, போர்டையோ லேப்டாப்பையோ செய்தவர் யார் என்று சொல்லும்: 103சி எச்பி, 1028 டெல், 17ஏஏ லெனோவோ. செகண்ட் ஹேண்ட் பெட்டியில் ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் இதுதான் கை கொடுக்கும். யாருடையது என்று தெரிந்ததும் அவர்கள் தளத்தில் மாடலைத் தேடி முதலில் சிப்செட் (போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்) பேக்கேஜைப் போடுங்கள். எஸ்எம் பஸ் முக்கோணம் அதிலேயே போய்விடும். இன்டெல் சிப்செட் ஃபைலில் பெரும்பாலும் டிரைவர் என்று எதுவும் கிடையாது, "இந்த எண்ணுக்கு இந்தப் பெயர்" என்ற குறிப்புதான். எல்லாம் வேலை செய்கிறது என்கிறீர்களே, காரணம் அதுதான். மூன்றாவதின் எண்ணைப் பார்த்து எழுதுங்கள்.

திருச்சி, கல்லூரி மாணவி: சார், ஃபார்மேட் பண்ணின லேப்டாப்பில் வைஃபையே இல்லை. லேன் போர்ட்டும் கிடையாது. நெட் இல்லாமல் நெட்டுக்கான டிரைவரை எப்படி இறக்குவது?

போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் பண்ணும்மா. ஆண்ட்ராய்ட் போன் என்றால் விண்டோஸ் 10, 11 இரண்டும் பொதுவாக அதை நெட்வொர்க் கார்டாகவே எடுத்துக்கொள்ளும். பிறகு விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டால் வைஃபை டிரைவர் பெரும்பாலும் தானே வந்து உட்காரும். வைஃபை வந்தும் புளூடூத் வரவில்லையே என்று அடுத்து கேட்பாய். ஒரே அட்டையில் இருந்தாலும் வைஃபை பிசிஐ வழியாகவும் புளூடூத் யுஎஸ்பி வழியாகவும் பேசுவது வழக்கம். அதனால் டிரைவரும் தனித்தனி.

மதுரை: டிரைவர் அப்டேட்டர் மென்பொருள் ஒன்று 27 டிரைவர் பழசு என்கிறது. பணம் கட்டலாமா?

கட்டாதீர்கள். பழசாக இருப்பது குற்றமில்லை. என் பழைய லேப்டாப்பில் அப்படி ஒன்றை ஓடவிட்டு, நன்றாக இருந்த டச்பேடைக் கெடுத்துக்கொண்டு இரண்டு நாள் மவுஸோடு அலைந்தேன்.

சேலம், டிப்ளமோ மாணவர்: அண்ணா, மலிவாக வாங்கிய ஆர்டுயினோ நானோ, ப்ரொக்ராம் எழுதிப் பழகும் சின்ன எலக்ட்ரானிக்ஸ் போர்டு. 'யுஎஸ்பி 2.0 சீரியல்' என்று வருகிறது, கோட் 28. போர்ட்டே காட்டவில்லை.

கோட் 28 என்றால் டிரைவர் போடவில்லை என்று மட்டும்தான் அர்த்தம் தம்பி, போர்டு நல்லாத்தான் இருக்கிறது. யுஎஸ்பி பொருளுக்கு 'வென்', 'டெவ்' இருக்காது. கம்பெனிக்கு 'விஐடி', பொருளுக்கு 'பிஐடி' இருக்கும். உன்னுடையதில் 1ஏ86, 7523 என்று இருந்தால் அது சிஎச்340 சிப். மலிவு போர்டுகளில் அநேகமாக இதுதான். சிப்பைச் செய்யும் டபிள்யூசிஎச் கம்பெனி தளத்திலேயே டிரைவர் இலவசம். விஐடி 0403 என்று இருந்தால் எஃப்டிடிஐ கம்பெனி சிப். மாட்டியும் எதுவுமே வரவில்லை என்றால் கேபிளை மாற்று. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் டேட்டா கம்பியே இருக்காது.

நாகர்கோவில்: 'டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு', கோட் 43. விஐடி 0000 என்கிறது. நான்கு தளங்களில் தேடியும் டிரைவர் கிடைக்கவில்லை.

கிடைக்காது. 0000 என்று ஒரு கம்பெனி இல்லை. "நீ யார்" என்று கம்ப்யூட்டர் கேட்டது, பொருள் வாய் திறக்கவில்லை, அதனால் விண்டோஸ் பூஜ்யம் போட்டுவிட்டது. இது டிரைவர் வியாதி அல்ல. கேபிள், போர்ட், இல்லையென்றால் பொருளே. பெட்டியின் பின்பக்க போர்ட்டில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். முன்பக்க போர்ட்டுக்குப் போகும் உள் ஒயர்தான் பல சமயம் வில்லன். மெஷினை அணைத்து, பவர் கார்டைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் விட்டுப் போடுங்கள். வேறு கம்ப்யூட்டரிலும் இதே கதை என்றால் அந்தப் பொருளுக்கு விடை கொடுத்துவிடுங்கள்.

தஞ்சாவூர்: மஞ்சள் முக்கோணம் ஒன்றுகூட இல்லை. ஆனால் எழுத்தெல்லாம் பெரிசு பெரிசாக, வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது.

டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதை விரித்துப் பாருங்கள். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர் இல்லை. அது இல்லாத குறைக்கு விண்டோஸ் வைத்திருக்கும் ஒட்டுப்போட்ட ஏற்பாடு, அதனால்தான் முக்கோணம் வரவில்லை.

யாழ்ப்பாணம்: அண்ணை, புது லேப்டொப். விண்டோஸ் போடப் போனால் டிஸ்க் ஒண்டையும் காட்டுதில்லை. எஸ்எஸ்டி பழுதோ?

பழுதில்லை தம்பி. பதினோராம் தலைமுறை இன்டெல் தொடங்கி பல லேப்டாப்பில் 'விஎம்டி' என்ற இன்டெல் கன்ட்ரோலர் ஒன்று எஸ்எஸ்டிக்கு முன்னால் நிற்கிறது. இன்ஸ்டால் டிஸ்கில் அதற்கான டிரைவர் இல்லாமல் போனால் எஸ்எஸ்டியே கண்ணில் படாது. லேப்டாப் கம்பெனி தளத்தில் இன்டெல் 'ரேபிட் ஸ்டோரேஜ்' டிரைவரை எடுத்து, விரித்து, பென் டிரைவில் போடுங்கள். டிஸ்க் கேட்கும் திரையில் 'லோட் டிரைவர்' அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால் தெரியும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) விஎம்டியை அணைத்தாலும் தெரியும். ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் ஓடும் மெஷினில் அப்படி அணைத்தால் நீலத்திரைதான் வரும்.

ஈரோடு, மறுபடியும்: சிப்செட் போட்டதும் எஸ்எம் பஸ் போய்விட்டது அண்ணா. 'மேனேஜ்மென்ட் எஞ்சின்' டிரைவர் போட்டதும் இன்னொன்றும் போய்விட்டது. அன்னோன் டிவைஸ் மட்டும் பாக்கி: 'ஏசிபிஐ' என்று தொடங்கி ஐஎன்டி33ஏ0 என்று முடிகிறது. வென்னும் இல்லை, டெவ்வும் இல்லை.

ஏசிபிஐ என்று தொடங்குவது தனி அட்டையோ சிப்போ ஆக வேண்டியதில்லை. போர்டின் பயாஸ் "என்னிடம் இப்படி ஒன்று உண்டு" என்று சொல்வது. உங்களுடையது இன்டெல் 'ஸ்மார்ட் கனெக்ட்'. தூங்கும் கம்ப்யூட்டரை நடுநடுவே எழுப்பி மெயில் எடுத்துவைக்கும் வசதி, இன்டெல்லே கைவிட்டுவிட்டது. டிரைவர் தேடி அலைய வேண்டாம். பயாஸில் ஸ்மார்ட் கனெக்டை அணைத்தால் பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். பயாஸில் அந்த வரி இல்லையென்றால் டிவைஸ் மேல் ரைட் கிளிக் செய்து 'டிஸேபிள்' கொடுத்துவிட்டுக் கணக்கு வேலையைப் பாருங்கள்.