பழைய படகும் மழைத்தண்ணீரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு பழைய டீசல் படகை வாங்கி, வாரக்கணக்கில் அதிலேயே தங்கிக் கரையோரமாக மெதுவாகச் சுற்றிவர ஆசை. இரண்டு படகுகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் 36 அடி, ஃபைபர் உடல், வயது நாற்பதை ஒட்டி. இரண்டிலும் ஒற்றை இன்ஜின், ஃபோர்டு லேமன் 120. டீசல் டேங்க் இரும்பு. முதல் படகின் இன்ஜின் 6,500 மணி நேரம் ஓடியிருக்கிறது. தேக்கைப் பெயர்த்துவிட்டு வெறும் பெயின்ட் அடித்த தளம், பார்க்கச் சுமார்தான். இரண்டாவது 1,100 மணி நேரமே ஓடியது. தளம் முழுக்கத் தேக்கு, கண்ணைப் பறிக்கிறது. அதையே வாங்கலாமா? மணிக்கு 7 கடல் மைலுக்கு மேல் போகாது என்கிறார்கள். பெரிய இன்ஜின் வைத்தால் 10 போகுமா? வாங்கிய பிறகு கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

வேகத்தை முதலில் முடித்துவிடலாம். இந்த வகைப் படகு தண்ணீரைப் பிளந்துகொண்டு போவது; மேலே எழும்பிச் சறுக்குவது அல்ல. நீர்மட்டத்தில் அதன் நீளத்தை அடியில் அளந்து, வர்க்கமூலம் கண்டு, 1.34-ஆல் பெருக்கினால் வருவதுதான் அதன் எல்லை. உங்கள் 36 அடிப் படகு நீர்மட்டத்தில் 34 அடி என்றால், மணிக்கு 7.8 கடல் மைல். அதற்கு மேல் விரட்டினால் தான் எழுப்பிய அலையின் மேலேயே ஏறப் பார்க்கும். பின்பக்கம் அமுங்கும், டீசல் கொட்டும், வேகம் வராது. ஆறரை மைலில் மணிக்கு 6, 7 லிட்டரோடு முடிகிற செலவு, எல்லையை நெருங்கும்போது இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். பத்து மைல் வேண்டுமென்றால் வேறு ஜாதிப் படகு பாருங்கள்.

மணி நேரத்தை வைத்துப் படகை எடை போடுகிறீர்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. 1,100-ஐ நாற்பதால் வகுத்தால் வருடத்துக்கு 27 மணி நேரம். மற்ற நாளெல்லாம் அந்த இன்ஜின் சும்மா நின்றிருக்கிறது. நிற்கிற டீசல் இன்ஜினில் சிலிண்டர் சுவரின் எண்ணெய் வடிந்து, ஈரக்காற்றில் துரு ஏறும். பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும். ரப்பர் சீல்கள் விறைத்துப்போகும். பராமரிப்பு நோட்டு ஒழுங்காக இருந்தால் 6,500 மணி நேரம் ஓடியதையே நான் நம்புவேன். இந்த இன்ஜின் பத்தாயிரம் மணி நேரத்தைத் தாண்டுவது அபூர்வமல்ல.

ஆனால் இன்ஜின்கூட இரண்டாம் பட்சம். பழைய ஃபைபர் படகைத் தின்பது பெரும்பாலும் கீழே இருக்கும் கடல் அல்ல, மேலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர். தளம் என்பது மேலும் கீழும் மெல்லிய ஃபைபர், நடுவே பால்சா என்ற லேசான மரமோ பிளைவுட்டோ வைத்த சாண்ட்விச். அதன்மேல் தேக்குப் பலகையைப் பதிக்க, அந்தக் காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருகுகளை அடித்தார்கள். ஒவ்வொரு திருகும் நடு மரத்துக்குள் போகும் ஒரு ஓட்டை. தேக்கு தேயத் தேயத் திருகுத் தலையை மூடிய மரக்குமிழ் கழன்றுவிடும், பலகைகளுக்கு இடையே இருக்கும் கறுப்பு ரப்பர் விட்டுக்கொடுக்கும், தண்ணீர் இறங்கும். இறங்கியது வெளியே வர வழியில்லை. மரம் உள்ளேயே கூழாகிவிடும்.

வெறும் ஃபைபர் தளத்தில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பிளாஸ்டிக் தலைச் சுத்தியலால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டக்’கென்று கூர்மையாகப் பேசும், ஊறிய இடம் ‘தொப்’பென்று அமுங்கும். முதல் படகின் பழைய திருகு ஓட்டைகளைப் பெயின்ட் அடித்து மட்டும் மறைத்தார்களா, எபாக்சிப் பசை ஊற்றி அடைத்தார்களா என்பதும் இதில் தெரிந்துவிடும். தேக்குக்கு மேல் தட்டினால் சத்தம் ஏமாற்றும், ஈரமானியும் ஏமாற்றும். அதனால் உள்ளே போய்க் கூரையைப் பாருங்கள், ஜன்னல்களின் கீழ்மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பழுப்புக் கறையோ புது வார்னிஷ் திட்டோ இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அதே மழைத்தண்ணீர் அடுத்துப் போவது டேங்குக்கு. டீசல் ஊற்றும் வாய் தளத்தில் இருக்கிறது. அதன் சுற்றுச் சீல் போனால் ஒழுகுவது நேரே இரும்பு டேங்கின் தலையில் தேங்கும். டேங்க் துருப்பிடிப்பது பலமுறை வெளியிலிருந்துதான். டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் கொண்டுபோய் மேற்பக்கத்தையும், டேங்க் கட்டையில் உட்காரும் அடிப்பக்கத்தையும் பாருங்கள். துரு அடையடையாக உரிந்தால் விலையை மறுபடி பேச வேண்டும். படகு கட்டும்போது டேங்கை முதலில் வைத்துவிட்டுத்தான் மேலே மூடினார்கள். வெளியே எடுக்க இன்ஜினைத் தூக்க வேண்டும், அல்லது டேங்கை உள்ளேயே துண்டுபோட வேண்டும். டேங்கைவிடக் கூலிதான் அதிகம்.

இன்ஜினைப் பார்க்கப் போகும்போது அது குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்; போனதும் உள்ளங்கையை பிளாக்கின் மேல் வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது கொஞ்சம் வெள்ளைப் புகை வருவது சகஜம். சூடான பிறகும் நீலப் புகை நின்றால் எண்ணெய் எரிகிறது. பிறகு கடலில் பத்து நிமிடம் முழு விசையில் ஓட்டச் சொல்லுங்கள். இன்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்றை எட்ட வேண்டும், வெப்பம் ஓரிடத்தில் நிற்க வேண்டும். சுற்று எட்டாமல் கறுப்புப் புகை வந்தால் ப்ரொப்பெல்லர் பெரிதாக இருக்கலாம், அல்லது படகின் அடியில் சிப்பி மண்டியிருக்கலாம். வெப்பம் மெல்ல மெல்ல ஏறினால் கடல்நீர் ஓடும் பாதையில் அடைப்பு.

லேமன் 120-இல் பலர் தவறவிடும் ஒன்று: சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் பம்புக்குத் தனியாக எண்ணெய் உண்டு. அதில் டீசல் கசிந்து கலக்கும் என்பதால் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பின்னால் வந்த 135-இல் இன்ஜின் எண்ணெயே பம்புக்கும் போகிறது. விற்பவரிடம் இதைக் கேளுங்கள். முழித்தால் நோட்டில் எழுதியிருப்பதையும் அவ்வளவாக நம்ப வேண்டாம். கடல்நீரால் எண்ணெயைக் குளிர்விக்கும் கூலரும், புகைபோக்கியின் வளைகுழாயான எல்போவும் உள்ளிருந்து அரிக்கும் பொருட்கள். கூலர் குழாயில் ஊசி ஓட்டை விழுந்தால் எண்ணெய் கடலுக்குப் போகும், கடல் எண்ணெய்க்குள் வரும். எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால், வாங்கியதும் இரண்டையும் மாற்றிவிடுங்கள். கடல்நீர் பம்பில் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரை வருடம் ஒருமுறை கழற்றி இறக்கைகளை எண்ணுங்கள். ஆறுக்கு ஐந்துதான் இருந்தால், ஆறாவது பம்பைத் தாண்டிக் கடல்நீர்ப் பாதையில் எங்கோ சிக்கியிருக்கும். அதை எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டுப் பயனில்லை.

படகைக் கரையேற்றும்போது அடியிலுள்ள வால்வுகளைச் சுரண்டிப் பாருங்கள். உலோகம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் துத்தநாகம் கரைந்துவிட்டது; தட்டினால் உடையும். அடிப்பாகத்தின் சிறு கொப்புளங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அழகுக் குறைதான்.

பணம்: விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் வருடத்துக்கென்று ஒதுக்குங்கள். தேக்குத் தளம் இருந்தால் அது போதாது.

முதல் படகைத்தான் நான் தேர்வேன், சுத்தியல் சம்மதித்தால். இரண்டாவதில் மனம் போய்விட்டதென்றால், தளத்தில் வெவ்வேறு இடங்களில் நான்கு திருகுகளைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். திருகு காய்ந்து, மரத்தூளோடு வந்தால் பேச்சைத் தொடரலாம். பழுப்புத் தண்ணீர் சொட்டினாலோ, கழற்றவே விடவில்லை என்றாலோ, அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள்.