இளம் வயதில் வந்த புற்றுநோயை வெளியே சொல்லலாமா?

"21 வயதில் ரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாதே என்கிறார்கள் வீட்டில். என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொல்லுங்கள். மாத்திரை ஒழுங்காக உள்ளே போவதற்காகவாவது சொல்லுங்கள்.

எனக்கு இருப்பது சி.எம்.எல். என்கிற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். எங்கள் வீடு ஏற்காட்டில். அப்பாவுக்குக் காப்பி எஸ்டேட்டில் வேலை. சேலத்தில் கல்லூரி படிக்கும்போது இடது விலாவுக்குக் கீழே கனமாகவே இருந்தது, நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு அடைத்துக்கொள்ளும். மண்ணீரல் வீங்கியிருந்தது. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் லட்சத்தைத் தாண்டியிருந்தன. 11,000 வரைதான் இருக்க வேண்டும். அப்போதிருந்து தினமும் இமாட்டினிப் 400 மில்லிகிராம்.

இந்த மாத்திரையால் தலைமுடி மொத்தமாகக் கொட்டிவிடாது. பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது என்பதால் மறைத்துவிடலாம் என்று வீட்டில் நினைத்தார்கள். "கல்யாணம் ஆகிற வரைக்கும் வாயைத் திறக்காத கண்ணு" என்பார் அம்மா.

ஆனால் இதைச் சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்து விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். விசேஷ வீட்டுப் பந்தியில் மாத்திரையைப் பிரித்தால் நாலு பேர் கேட்பார்கள் என்று, இலை போடும் முன்பே என்னைப் பின்கட்டுக்கு அனுப்பிவிடுவார் அம்மா. அப்படி விழுங்கிவிட்டு, சாப்பிட்ட கையோடு பேருந்தில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறினால் வாந்திதான். மருந்தும் அதோடு போய்விடும். இந்த நோயில் மாத்திரை அடிக்கடி தவறினால் அடங்கியிருந்த செல்கள் மறுபடி பெருகும். அப்புறம் அதே மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகலாம். நாலு பேர் கேள்விக்குப் பயந்து இதில் போய் மாட்டிக்கொள்ள வேண்டுமா?

கல்யாணப் பேச்சுக்கும் இதுதான். இமாட்டினிப் எடுக்கும் பெண் கருத்தரித்தால் குழந்தைக்கு ஆபத்து. மருத்துவரோடு பேசி முன்கூட்டியே திட்டமிட வேண்டும். கணவனுக்குத் தெரியாமல் இதை எப்படிச் செய்வது? அதனால் பெண் பார்க்க வருவதற்கு முன்பே போனில் நானே சொல்லிவிடுவேன். பலர் வரவில்லை, வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். வந்த ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் "பிறக்கிற புள்ளைக்கும் வருமா?" என்று நேராகக் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. வராதுங்க என்றேன். 9-ம் குரோமோசோமும் 22-ம் குரோமோசோமும் ரத்த செல்லுக்குள் துண்டு மாற்றிக்கொள்வதால் வருவது இது. பிறந்த பிறகு நடப்பது, பரம்பரையாகத் தொடராது, தொற்றவும் செய்யாது. அவர் பேரன்தான் இன்று என் கணவர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் இந்த மாத்திரைக்கு மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும். அதற்குக் காப்புரிமை கேட்ட வழக்கில் எதிர்த்து நின்றவர்களில் கேன்சர் பேஷண்ட்ஸ் எய்டு அசோசியேஷன் என்ற நோயாளிகளுக்கான அமைப்பும் ஒன்று. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் காப்புரிமை தர மறுத்தது. இந்திய நிறுவனங்கள் அதைவிடப் பல மடங்கு குறைந்த விலையில் தொடர்ந்து தயாரிக்க முடிந்தது. எஸ்டேட் சம்பளக்காரர் மகளுக்கு மாத்திரை எட்டியதற்கு, தங்களுக்கு என்ன நோய் என்று வெளியே சொன்னவர்களும் காரணம். அவர்களை நினைக்காமல் எனக்கு ஒரு மாத்திரை அட்டையும் முடிவதில்லை.

எல்லோரிடமும் ஒரே நாளில் சொல்ல வேண்டும் என்று இல்லை. உங்களோடு சாப்பிடுகிறவர்கள், பயணம் வருகிறவர்கள், ராத்திரி காய்ச்சல் வந்தால் ஆட்டோ பிடிக்கப் போகிறவர்கள், முதலில் அவர்களுக்குத் தெரியட்டும். அம்மாவை அடுத்த பரிசோதனைக்குக் கூட்டிப் போய், மனதில் இருப்பதையெல்லாம் மருத்துவரிடமே கேட்கவிடுங்கள். என் அம்மா கேட்டார். அதற்குப் பிறகு பெரியம்மா வீட்டில் விஷயத்தைச் சொன்னது நான் இல்லை, அவரேதான்.