ஆங்கிலேய இசையமைப்பாளர் எரிக் கோட்ஸின் இசையை எந்தப் பதிவிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

1933-இல் வந்த ‘லண்டன் சூட்’ (London Suite) என்ற ஆர்க்கெஸ்ட்ரா படைப்பிலிருந்து தொடங்குங்கள். கோவென்ட் கார்டன், வெஸ்ட்மின்ஸ்டர், நைட்ஸ்பிரிட்ஜ் என மூன்றே பகுதிகள். வெஸ்ட்மின்ஸ்டர் முடியும்போது பிக் பென் மணியோசை கேட்கும்.

‘லைட் மியூசிக்’, அதாவது எளிதில் ரசிக்கும் மெல்லிசை, என்று இவரை ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. இசை நடத்துநர் ஹென்றி வுட்டின் குவீன்ஸ் ஹால் ஆர்க்கெஸ்ட்ராவில் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய, இடைக்குரல் வாசிக்கும் கருவி) வாசித்தவர் கோட்ஸ். அதனாலோ என்னவோ, மேலே ஓடும் மெட்டுக்கும் அடியில் ஒலிக்கும் பாஸுக்கும் நடுவில் ஓடும் இசை வரிகள் இவரிடம் ஒப்புக்கு இருப்பதில்லை. நைட்ஸ்பிரிட்ஜ் மார்ச்சை இரண்டாம் முறை கேட்கும்போது மெட்டை விட்டுவிட்டு அந்த வரிகளை மட்டும் பின்தொடருங்கள்.

இசை நடத்துநர் ஜான் வில்சன் பிபிசி ஃபில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்திய பதிவுகளில் இந்த நுணுக்கமெல்லாம் தெளிவாக விழுகிறது. கோட்ஸே நடத்திய பழைய பதிவுகளையும் தேடிக் கேளுங்கள். ஒலி மங்கல்தான், ஆனால் எங்கும் குழையாமல் விறுவிறுவென்று போகிறார்.