காசு கொடுத்து வாங்கிய டேப்லெட்டில் எந்த ஆப் இருக்கலாம் என்பதை கம்பெனி முடிவு செய்வது சரியா?

கேள்வி கேட்டவர் ஒரு சின்ன ஆப் செய்து வைத்திருக்கிறார். டேப்லெட்டின் ஆப் ஸ்டோர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. ஸ்டோரை நம்பிக் காத்திருப்பதா, ஆட்களிடம் நேராகக் கொடுத்துவிடுவதா என்று யோசிக்கிறார். கேள்வியிலிருந்து எனக்குப் புரிவது இதுதான். நான் ஆப் எழுதுகிறவள் இல்லை. காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு மாங்காய் மண்டி இருக்கிறது, கணக்கு என் பொறுப்பு. இந்த விஷயத்தில் எங்களுக்கு விழுந்த அடி இன்னும் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆப்பை உள்ளே விடுமுன் சோதிப்பது சரிதான். ஆனால் என்ன குறை என்று சொல்லாமல் நிறுத்துவதும், அப்புறம் மற்ற வழிகளையும் சேர்த்து அடைப்பதும் நியாயமே இல்லை.

எங்கள் மண்டிக் கணக்கு ஆப்பை எழுதியவர் என் கொழுந்தனார். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர், ஓசூரில் வேலை. டிராக்டர் மண்டிக்குள் வந்ததும் பெங்களூரா எவ்வளவு, செந்தூரா எவ்வளவு என்று ரகவாரியாக எடையைப் பதிய வேண்டும். கழிவு, இறக்குகூலி, ஏற்கெனவே கொடுத்த முன்பணம் எல்லாவற்றையும் அதுவே கழித்துக் கையில் வரும் தொகையைக் காட்டும். பக்கத்திலிருக்கும் சின்ன புளூடூத் பிரிண்டரில் உடனே சீட்டு வரும். எல்லாம் தமிழில், பெரிய எழுத்தில். நெட் இல்லாவிட்டாலும் ஓடும். முன்பெல்லாம் ராத்திரி கணக்கு முடியும்வரை விவசாயிகள் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். இந்த ஆப் வந்தபிறகு வயதானவர்கள்கூட எடை போட்ட இடத்திலேயே சீட்டை வாங்கி, யாரிடமும் கேட்காமல் தாங்களே படித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். "எழுத்து நல்லா தெரியுதும்மா" என்று ஒரு பெரியம்மா சொன்னது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பெருமை. சந்தூர் பக்கத்து மண்டிக்காரர்களும் கேட்டதால்தான் ஸ்டோரில் ஏற்றினார்.

மே மாதம், வரத்து ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், ஆப்பை ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டார்கள். எந்த ஸ்டோர் என்று பெயர் சொல்லப்போவதில்லை. வந்த மெயிலில் ஒரு விதியின் எண்ணும், ஆப் முழுமையாக இல்லை என்று ஒரு வரியும் மட்டும் இருந்தன. எது முழுமையாக இல்லை? கொழுந்தனார் சோதிப்பவர் உள்ளே நுழைந்து பார்க்க ஒரு கணக்கு உருவாக்கிக் கொடுத்தார். எப்படி வேலை செய்கிறது என்று வீடியோ எடுத்து, ஆங்கிலத்தில் விளக்கம் போட்டு அனுப்பினார். பதிலாக அதே மெயில், எழுத்து மாறாமல் திரும்பி வந்தது. "அண்ணி, அங்க ஒரு ஆள் இருக்காரா இல்லையான்னே தெரியல" என்றார். சோதித்தவருக்குத் தமிழ் தெரியாமல் போயிருக்கலாம், இன்னும் எடை பதியாத வெற்றுப் பக்கத்தைப் பார்த்து ஆப்பே காலி என்று நினைத்திருக்கலாம். இது என் ஊகம்தான், நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

ஏற்கெனவே போட்ட ஆப் ஓடுமே, இதில் என்ன நஷ்டம் என்று சிலர் கேட்பீர்கள். ஓடியது. ஆனால் அந்த சீசனில் இறக்குகூலி மாறியது, அதற்கு ஆப்பில் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. ஸ்டோர் வழியாக வந்த ஆப்பில் ஸ்டோர் தன்னுடைய டிஜிட்டல் கையொப்பத்தை, அதாவது ஆப் யாரிடமிருந்து வந்தது என்று காட்டும் முத்திரையை, போட்டிருக்கிறது. கொழுந்தனார் தன் கையொப்பத்தோடு அனுப்பிய திருத்தம் அதன்மேல் ஏறாது. பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதைப் போட முடியும், அழித்தால் அதனுள் இருக்கும் சீசன் கணக்கும் போய்விடும். டன் டன்னாக மாங்காய் வந்து இறங்கும்போது யார் அதைச் செய்வார்கள்? மறுபடியும் கார்பன் தாள் வைத்துக் கையால் எழுதினோம். சந்தூர்க்காரர்களுக்குக் கோப்பாக அனுப்பினால், போடும்போது டேப்லெட் சிவப்பு நிறத்தில் எச்சரித்தது. பணக் கணக்கு பார்க்கும் ஆப்பில் அப்படி வந்தால் யார் தொடுவார்கள்? "வைரஸாம்மா?" என்று என்னிடமே போன் போட்டுக் கேட்டார்கள். அதற்கப்புறம் அவர்கள் இந்தப் பக்கமே வரவில்லை.

ஆவணியில் ஒரு வரி மெயில் வந்தது, ஆப் அனுமதிக்கப்பட்டது என்று. தோப்பில் காய் இல்லை. நாங்கள் எதையும் மாற்றியிருக்கவும் இல்லை. மே மாதம் தப்பாக இருந்தது ஆவணியில் எப்படிச் சரியானது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

பாதுகாப்பே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிஎம் கிசான் என்ற பெயரிலும் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரிலும் வாட்ஸப்பில் ஏபிகே கோப்பு (ஸ்டோர் இல்லாமல் நேராகப் போடும் ஆண்ட்ராய்ட் ஆப்) வருகிறது. அதைத் திறந்து வங்கிப் பணத்தை இழந்தவர்கள் உண்டு, போலீஸும் எச்சரித்திருக்கிறது. சோதனை கட்டாயம் வேண்டும்.

"நீங்களும் மண்டி வைத்துக் கமிஷன் வாங்குகிறவர்தானே" என்றும் யாராவது எழுதுவார்கள். வாங்குகிறோம். ஆனால் எங்கள் கமிஷனும் எடையும் பிடிக்காத விவசாயி அதே டிராக்டரைத் திருப்பிக்கொண்டு அடுத்த மண்டிக்குப் போகலாம், மாங்கூழ் தொழிற்சாலைக்கே நேராகவும் போகலாம். அந்தப் பயம்தான் எங்களை ஒழுங்காக எடை போட வைக்கிறது. இந்தியாவில் ஐபேடுக்கு ஆப்பிளின் ஸ்டோரை விட்டால் அப்படி அடுத்த மண்டி கிடையாது. டிஜிட்டல் விற்பனையில் வழக்கமாக 30 சதவீதம், சிறியவர்களுக்கு 15 சதவீதம் என்று அவர்கள் வைத்ததுதான் விலை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் கேட்டதும் 2024 மார்ச்சில் ஐபோனிலும், அதே ஆண்டு செப்டம்பரில் ஐபேடிலும் வேறு ஸ்டோர்களை ஆப்பிள் விட்டது. ஆகவே முடியாத காரியம் ஒன்றுமில்லை. அமேசான் ஃபயர் டேப்லெட் வாங்கினால் அமேசானின் சொந்த ஸ்டோர்தான், கூகுள் பிளே அதில் வராது. ஆண்ட்ராய்ட் டேப்லெட்டுகளில் கோப்பாகப் போடும் வழி இருக்கிறது, அதுவும் குறுகுகிறது. அடையாளத்தைப் பதிவு செய்யாதவர்கள் எழுதிய ஆப்பை, கூகுளின் சான்று பெற்ற கருவிகளில் போட முடியாதபடி செய்யப்போவதாக 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, 2027 முதல் மற்ற நாடுகள் என்பது திட்டம். எதிர்ப்பு வந்தபின், விவரம் தெரிந்தவர்களுக்கு ஒரு தனி வழி வைப்பதாகச் சொன்னது.

நம் நாட்டில் எதுவுமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு ஆண்ட்ராய்ட் விஷயத்தில் 1,337.76 கோடி ரூபாயும், பிளே ஸ்டோர் கட்டண முறை விஷயத்தில் 936.44 கோடியும் அபராதம் போட்டது. இரண்டாவதை 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 216.69 கோடியாகக் குறைத்தது. 2024 மார்ச்சில் கட்டணத் தகராறில் பாரத் மேட்ரிமோனி போன்ற இந்திய ஆப்களை கூகுள் எடுத்தபோது மத்திய அமைச்சரே தலையிட்டார், சில நாளில் திரும்ப வந்தன. பெரிய கம்பெனிக்கு அமைச்சர் பேசுகிறார். காவேரிப்பட்டணத்து மண்டி ஆப்புக்கு யார் பேசுவார்?

"பெங்களூருதான் பக்கத்தில் இருக்கிறதே, அங்கே யாரையாவது நேரில் பார்த்திருக்கலாமே" என்று எங்கள் உறவினர் ஒருவரே கேட்டார். இந்த மாதிரி விஷயத்தைக் கேட்டுக்கொள்ள அங்கே கவுன்ட்டர் எதுவும் இல்லை.      

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டோருக்கு மேல்முறையீடு செய்யுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பயன்படுத்தப்போவது தெரிந்த சில பேர்தான் என்றால் பொது ஸ்டோரில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர் கட்டிப் பதிவு செய்தால், தேடலில் வராமல் இணைப்பு வைத்திருப்பவர்கள் மட்டும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிட விண்ணப்பிக்கலாம். அதற்கும் சோதனை உண்டு. கூகுளில் ஒரே தடவை 25 டாலர், அதில் உள் சோதனைப் பிரிவு வழியாக 100 பேர் வரை கொடுக்கலாம். பிரவுசரில் ஓடும்படி செய்வது இன்னொரு வழி, கொழுந்தனார் இப்போது அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறார். ஆனால் ஐபேட் வைத்திருப்பவர்களும் உங்களிடம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தியாவில் ஐபேடில் எந்த பிரவுசரைப் போட்டாலும் உள்ளே பக்கத்தைத் திறந்து காட்டும் எஞ்சின் ஆப்பிளுடையதுதான். வலைப்பக்கத்திலிருந்து புளூடூத் பிரிண்டரோடு நேராகப் பேச அது விடாது.

ஆப்பில் சேரும் கணக்கை ஒரு கோப்பாக வெளியே எடுத்துத் திரும்ப ஏற்றும் வசதியை முதல் நாளே வையுங்கள். ஸ்டோரில் ஏற்றுமுன் கையொப்பச் சாவி, அதாவது அந்த டிஜிட்டல் கையொப்பத்தைப் போடும் கோப்பு, யாருடையது என்று பாருங்கள். கூகுள் பிளேயில் புது ஆப் ஏற்றும்போது அவர்களே சாவியை உருவாக்கிக்கொள்வார்கள், ஆனால் நீங்கள் உருவாக்கியதைக் கொடுக்கவும் வழி இருக்கிறது. உங்கள் சாவியைக் கொடுங்கள். அப்போதுதான் ஸ்டோர் நாளைக்குக் கதவைச் சாத்தினாலும், நீங்கள் நேராக அனுப்பும் திருத்தம் பழைய கணக்கை அழிக்காமல் ஏறும். அந்தச் சாவிக் கோப்புக்கு வேறொரு இடத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும்.