பயன்பாடு குறைந்தும் தொடரமைப்புக் கட்டணம் ஏறுவது ஏன்? ஆட்சேப மனுவில் எதைக் கேட்பது?

கேள்வி: சிறு தொழிற்கூடம் நடத்துகிறேன். கூரையில் சூரிய மின்தகடுகள் அமைத்தபின் எங்கள் மின்பயன்பாடு குறைந்துவிட்டது. ஆனாலும் மின் தொடரமைப்புக் கட்டணம், அதாவது உயரழுத்தப் பாதைகளுக்கான டிரான்ஸ்மிஷன் கட்டணம், யூனிட் கணக்கில் ஆண்டுதோறும் ஏறுகிறது. ஒழுங்குமுறை ஆணையம் விலையைக் கட்டுப்படுத்தும்போது இது எப்படி நடக்கிறது? புதிய கட்டண வரைவு ஆணை வெளியாகியிருக்கிறது. எங்கள் சங்கத்தின் சார்பில் ஆட்சேப மனு கொடுக்க வேண்டும். எதைப் பற்றி எழுதுவது?

பதில்: ஆணையம் விலையைக் கட்டுப்படுத்துகிறது என்று பொதுவாகச் சொன்னாலும், பெரும்பாலான நாடுகளில் அது முதலில் நிர்ணயிப்பது விலையை அன்று; நிறுவனம் ஓர் ஆண்டில் ஈட்டலாம் என்று அனுமதிக்கப்படும் மொத்த வருவாயை. ஒரே ஊருக்கு இரண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு இரண்டு வரிசைக் கோபுரங்களை எழுப்புவது வீண்செலவு என்பதால், இத்தொழில் இயல்பாகவே தனியுரிமையாகிவிடுகிறது. போட்டி இல்லாத இடத்தில் நியாயமான வருவாய் எவ்வளவு என்பதை யாராவது கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் உங்கள் மனுவில் பாதி எழுதி முடிந்ததாகிவிடும்.

ஓர் எளிய உதாரணம் தருகிறேன். எந்த நாட்டுப் பணத்தில் வேண்டுமானாலும் வைத்துப் பாருங்கள். நிறுவனத்தின் பாதைகள், துணைமின்நிலையங்கள், மின்மாற்றிகள் ஆகியவற்றின் மதிப்பு 1,000 கோடி. அவற்றின் ஆயுள் 40 ஆண்டுகள் என்றால் ஆண்டுத் தேய்மானம் 25 கோடி. போட்ட முதலுக்கு 6 விழுக்காடு வருவாய் என்றால் 60 கோடி. இயக்கம், பராமரிப்பு, சம்பளம் எல்லாம் சேர்த்து 15 கோடி. வரியை ஒதுக்கிவைத்தால் அனுமதிக்கப்பட்ட வருவாய் 100 கோடி. ஆண்டில் 200 கோடி யூனிட் கடத்தப்பட்டால் யூனிட்டுக்கு 0.50 ஆகிறது.

இப்போது உங்களைப் போல் பலரும் பயன்பாட்டைக் குறைத்து, கடத்தப்படும் மின்சாரம் 180 கோடி யூனிட்டாக இறங்குகிறது என்று கொள்வோம். கோபுரமும் கம்பியும் அப்படியே நிற்கின்றன. 100 கோடியில் ஏறக்குறைய எதுவும் குறையாது. எனவே யூனிட்டுக்கு 0.556 ஆகிறது. அந்த ஆண்டில் பழைய விலையிலேயே வசூலித்துப் பற்றாக்குறை ஏற்பட்டிருந்தால், அதுவும் பின்வரும் ஆண்டுகளில் சரிக்கட்டல் என்ற பெயரில் சேர்க்கப்படும். உங்கள் கேள்வியின் முதல் பகுதிக்கு விடை இதுதான். இதை மட்டும் வைத்து முறைகேடு என்று எழுதினால் ஆணையம் ஒரே வரியில் தள்ளுபடி செய்துவிடும். கேட்க வேண்டியது வேறு: அடுத்த ஆண்டுகளுக்கான பயன்பாட்டு மதிப்பீடு எந்த அடிப்படையில் செய்யப்பட்டது? சென்ற முறை மதிப்பிட்டதற்கும் உண்மையில் நடந்ததற்கும் எவ்வளவு இடைவெளி?

ஆட்சேப மனுக்கள் பலவற்றைப் படித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். பெரும்பாலானவை அலுவலர் சம்பளம், வாகனச் செலவு, கட்டடச் செலவு ஆகியவற்றையே சுற்றிச் சுற்றி வருகின்றன. கண்ணுக்குத் தெரியும் செலவு என்பதால் கோபம் அங்கே போகிறது. ஆனால் மேலே சொன்ன கணக்கில் இயக்கச் செலவைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலும் மிச்சம் 1.5 கோடிதான். வருவாய் வீதத்தை 6-லிருந்து 7 விழுக்காடாக உயர்த்தினாலோ ஒரே அடியில் 10 கோடி ஏறிவிடும். சங்கத்தின் நேரமும் உழைப்பும் அந்த ஒற்றை எண்ணில் செலவாக வேண்டும்.

அந்த 6 விழுக்காடு எப்படி வந்தது என்று பாருங்கள். முதலீட்டில் 60 விழுக்காடு 4 விழுக்காட்டு வட்டியில் வாங்கிய கடன், 40 விழுக்காடு 9 விழுக்காடு எதிர்பார்க்கும் பங்கு மூலதனம் என்றால், சராசரி 6. பங்கு மூலதனத்திற்கான வீதத்தை 9-லிருந்து 10 ஆக்கினால் கட்டணத்தில் 4 கோடி கூடுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1923-இலும் 1944-இலும் வழங்கிய தீர்ப்புகள் இதற்கு வகுத்த அளவுகோல் இன்றும் பிற நாடுகளில் எடுத்தாளப்படுகிறது: ஒத்த இடர் உள்ள பிற தொழில்கள் ஈட்டும் அளவுக்கு வருவாய் கிடைக்க வேண்டும், புதிய மூலதனத்தை ஈர்க்கவும் அது போதுமானதாக இருக்க வேண்டும். இதில் ‘ஒத்த இடர்’ என்ற சொல்லே உங்கள் பிடி. பயன்பாடு குறைந்தாலும் வருவாய் குறையாது என்று உறுதிசெய்யப்பட்ட நிறுவனத்திற்கு, சந்தையில் நின்று விற்கும் நிறுவனத்திற்குரிய வீதத்தைக் கொடுப்பது எந்த வகையில் பொருந்தும் என்று கேளுங்கள். கடனின் விகிதம் கணக்குக்காக வைத்துக்கொண்டதா, உண்மையில் உள்ளதா என்பதையும் கேளுங்கள். இந்தியாவின் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் போலச் சில ஆணையங்கள் 70-க்கு 30 என்ற கடன்-பங்கு விகிதத்தை விதியாகவே வைத்திருக்கின்றன.

அடுத்து, அந்த வீதம் எதன் மீது பெருக்கப்படுகிறது என்பது. செய்த முதலீட்டுக்கெல்லாம் வருவாய் உறுதி என்றால், தேவைக்கு மேல் முதலீடு செய்யும் நாட்டம் நிறுவனத்திற்கு வரும் என்பதை ஆவெர்ச், ஜான்சன் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 1962-லேயே காட்டினார்கள். இதற்கு மாற்றாகவே, பணவீக்கத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டு அளவைக் கழித்து அதற்குமேல் விலையை ஏற்றக் கூடாது என்னும் உச்சவரம்பு முறையை ஸ்டீபன் லிட்டில்சைல்டு 1983-இல் பிரிட்டனின் தொலைபேசித் துறைக்குப் பரிந்துரைத்தார். 1990-இல் மின்துறை தனியார்மயமானபோது அது அங்கும் வந்தது. அந்த முறையில் நிறுவனம் சிக்கனமாக இருந்தால் அடுத்த மறுஆய்வு வரை மிச்சம் அதற்கே. ஆனால் மறுஆய்வுக்கு முன் செலவுத் தேவையை மிகைப்படுத்திக் கேட்டு, பிறகு குறைத்துச் செலவிட்டு, இடைவெளியை ‘சிக்கனம்’ என்று காட்டும் வழியையும் அது திறந்துவிட்டது. பிரிட்டனின் ஆணையமான ஆஃப்ஜெம் 2013-இல் எட்டாண்டுக் காலவரம்பு கொண்ட புதிய முறையைத் தொடங்கி, 2021-இல் மீண்டும் ஐந்தாண்டுக்குத் திரும்பியது. நீண்ட காலத்திற்கான மதிப்பீடு பிழைத்துப்போனால் அதன் சுமையைப் பயனாளர்கள் நெடுங்காலம் சுமக்க நேர்கிறது.

எனவே வரைவு ஆணையின் சொத்துப் பட்டியலை வரிவரியாகப் பாருங்கள். நான் ஒரு முறை ஒரு நிறுவனத்தின் பட்டியலைச் சரிபார்த்தபோது, கழற்றி விற்றுவிட்டதாக அவர்களின் ஆண்டறிக்கையே சொன்ன ஒரு மின்மாற்றி அதில் இன்னும் வருவாய் ஈட்டிக்கொண்டிருந்தது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் அந்த ஒரு வரியைச் சுட்டியதும் பட்டியல் முழுவதையும் மறுபடி சரிபார்க்க உத்தரவாயிற்று. இன்னும் மின்னேற்றம் செய்யப்படாத, கட்டுமானத்தில் உள்ள பாதைகள் சேர்க்கப்பட்டுள்ளனவா? இணைப்பு பெற்ற பயனாளரே முன்பணம் கட்டி அமைத்த பாதைகள் கழிக்கப்பட்டுள்ளனவா? அவற்றுக்கு நிறுவனம் முதல் போடவில்லை. வருவாய் கேட்க உரிமையும் இல்லை.

பணவீக்கத்தை இரண்டு முறை எண்ணுவது எளிதில் கண்ணில் படாத தவறு. சொத்து மதிப்பை ஆண்டுதோறும் பணவீக்கத்திற்கு ஏற்ப உயர்த்தலாம். அல்லது பணவீக்கமும் உள்ளடங்கிய வருவாய் வீதத்தைக் கொடுக்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்யக் கூடாது. பணவீக்கம் 3 விழுக்காடாக இருக்கையில், அதை உள்ளடக்கிய 6 விழுக்காட்டையும் கொடுத்து, 1,000 கோடியை 1,030 கோடியாகவும் உயர்த்தினால், முதலீட்டாளருக்குக் கிடைப்பது 9 விழுக்காடு. வீதம் ஓர் அத்தியாயத்திலும் சொத்து மதிப்பு வேறோர் இணைப்பிலும் இருப்பதால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்காதவரை இது தெரியாது.

எல்லாவற்றையும் குறைக்கச் சொல்லும் மனுவை நான் பரிந்துரைக்க மாட்டேன். பராமரிப்புப் பணத்தை அளவுக்கு மீறி வெட்டினால், பாதைக்கு அடியில் வளரும் மரக்கிளைகளை வெட்டுவதும் இன்சுலேட்டர்களைத் துடைப்பதும்தான் முதலில் நின்றுபோகும். பிறகு ஒரு மழை இரவில் பாதை துண்டிக்கப்பட்டு உங்கள் இயந்திரங்கள் நிற்கும். ஆகவே வருவாயைப் பாதைகளின் கிடைப்புநிலையோடு பிணைக்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன இந்திய ஆணையம், மாறுதிசை மின்பாதைகள் 98 விழுக்காடு நேரம் பயன்பாட்டிற்குத் தயாராக இருந்தால்தான் நிலைக்கட்டணம் முழுமையாகக் கிடைக்கும் என்று வகுத்திருக்கிறது.

கடைசியாக, உங்கள் சொந்தப் பங்கு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைப் பாருங்கள். யூனிட் கணக்கிலா, ஒப்பந்த மின்பளு (நீங்கள் இழுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் குறித்த உச்ச அளவு) கணக்கிலா, உச்சத் தேவை நேரத்தில் நீங்கள் இழுத்த மின்சாரத்தின் கணக்கிலா? பிரிட்டனில் பெரிய பயனாளர்களின் கட்டணம் 2023 வரை, நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் நாட்டின் தேவை உச்சத்தைத் தொட்ட, ஒன்றுக்கொன்று பத்து நாளாவது தள்ளிய மூன்று அரைமணி நேரங்களை வைத்தே கணிக்கப்பட்டது. உங்கள் மின்கட்டணச் சீட்டில் கணக்கு ஒப்பந்த மின்பளுவில் என்றால், சூரிய மின்தகடு யூனிட்டைக் குறைத்தாலும் அந்தத் தொகை அசையாது. ஒப்பந்த அளவைக் குறைக்க நீங்கள் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு ஆணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மனுவில் ஒவ்வோர் ஆட்சேபத்திற்கும் வரைவின் பக்க எண், அதிலுள்ள தொகை, நீங்கள் முன்வைக்கும் மாற்றுத் தொகை, அதற்கான காரணம் ஆகிய நான்கும் இருக்கட்டும். இருபது புகார்களைவிட இப்படி எழுதிய மூன்று ஆட்சேபங்கள் மேல். கட்டணக் கணக்கீட்டின் எக்செல் கோப்பை வெளியிடக் கோரி இன்றே ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள். அது கைக்கு வந்தபின் திருத்தி எழுத, கெடு முடிவதற்குள் உங்களுக்கு நாள் வேண்டும்.